தாகத்துக்கு அளவு வைத்தவர்

அவருக்குத் தாகம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. தாகம் எடுப்பதற்கு முன்பே டம்ளர் வந்துவிடும். சமையலுக்கு வரும் அக்கா அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தாலும், உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் போதும், வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுவார். எங்கள் டைனோசர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் தொண்டை வறள வேண்டும் என்று முடிவு செய்தவர் இந்த மனிதர்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அட்டுவம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் சிலபேர் கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். ஆன்லைனில் பலபேர் ஒரே காட்டில் சேர்ந்து ஆடுவது; விளையாடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு டைனோசராக முட்டையிலிருந்து வெளியே வருவார். தின்ன வேண்டும், குடிக்க வேண்டும், வளர வேண்டும், சாகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். திரையின் மூலையில் பசிக்கு ஒரு பட்டை, தாகத்துக்கு ஒரு பட்டை. நேரம் போகப்போக இரண்டும் குறையும். தாகப் பட்டை காலியானால் அந்த உயிர் அவ்வளவுதான், மறுபடி முட்டைக்குள்ளிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வீட்டில் நடந்த வேலைக்கு அவர் முதலாளி. கொடைக்கானலிலேயே பிறந்து, இங்கேயே நல்ல பள்ளிக்கூடத்தில் படித்து, பெங்களூரில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாங்கள் சார் என்போம். கம்ப்யூட்டருக்குக் கோடு எழுத ஓர் ஆள், படம் வரைய ஓர் ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் போட்டவர், பசியையும் தாகத்தையும் மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அது தன் மூளைக்கு மட்டுமே எட்டும் சங்கதி என்று நினைத்தார். உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம் அது.

நான் டெஸ்டர். பண்ணைக்காட்டிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்க விளையாடி, எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பகல் பூராவும் விளையாடுவதற்குச் சம்பளமா என்று எங்கள் தெருவில் கேட்டார்கள். அந்த விளையாட்டை ஒரு வாரம் விளையாடிப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கஷ்டம் இல்லாம எப்படி ஃபன் வரும்? ஃப்ரீயா கெடைச்சா எவனும் மதிக்க மாட்டான்." கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டியபடி இதைச் சொல்வார். எதிரில் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

கொள்கையை ஆட்டத்தில் அவர் இறக்கிய விதத்தைச் சொல்கிறேன். மேட்டில் புல்வெளி, அங்கேதான் மேய்கிற மந்தைகள். பள்ளத்தில் தண்ணீர். ஊன் தின்னும் விலங்கு மேலே ஏறி வேட்டையாடித் தின்னும். தின்ற இறைச்சியே தாகத்தைக் கூட்டிவிடும். இறைச்சியில் உப்பு இருக்கிறதாம், அதனால். தண்ணீருக்கு இறங்கினால், இறங்குகிற தூரத்துக்குள் தின்றது செரித்துப் பசி எடுத்துவிடும். குடித்துவிட்டு ஏறினால் பாதி மேட்டிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரே இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தால் வளராது, மூன்று வகை மாற்றி மாற்றித் தின்ன வேண்டும். தழை தின்னும் பிராணிகளுக்கும் அப்படித்தான். பழம் ஒரு மலையில், கிழங்கு எதிர்மலையில். அத்தனை பெரிய பல்லும் நகமும் வைத்துக்கொண்டு எங்கள் டைனோசர்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுச் செத்ததே கிடையாது. ஏறி இறங்கியே செத்தன.

புதிதாக அடித்த இறைச்சியில் ரத்தம் இருக்கிறது, பழத்தில் சாறு இருக்கிறது, தின்றால் தாகம் கொஞ்சமாவது அடங்க வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேன். பந்தியில் ரசம் குடித்தவன் தண்ணீர் கேட்பதில்லையே என்றும் சொன்னேன். சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு, இரண்டையும் குழப்பினால் டிசைன் போய்விடும் என்றார். அவர் கையில் அப்போது ஆரஞ்சுச் சுளை இருந்தது.

அவர் தானே விளையாடிப் பார்க்க மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். பார்ப்பார். தினமும் பார்ப்பார். அங்கேதான் வேடிக்கை. கேம் செய்கிற இடத்தில் எங்கேயும் ஒரு திருட்டு விசை வைத்திருப்பார்கள். எங்களிடம் அது கீபோர்டின் எஃப்-நைன். அதைத் தட்டினால் பசியும் தாகமும் நிரம்பிவிடும். வால் பாறைக்குள் நுழைகிறதா, மழை சரியாகப் பெய்கிறதா என்றெல்லாம் பார்க்கும்போது நடுவில் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தால் வேலை ஓடாது; அதற்காக வைத்தது. நாங்கள் தேவைக்குத் தட்டுவோம். சாருக்கோ விரல் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். கொசுக்கடியைச் சொறிகிற மாதிரி, தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டிக்கொண்டிருப்பார். மணிக்கணக்கில் ஆடிவிட்டு எழுந்து, "எனக்கு ஒரு பிரச்சனையும் வரலையே, உங்களுக்கு மட்டும் ஏன் சாகுது?" என்பார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருமுறை அவருக்கு உடம்பைப் பற்றிக் கவலை வந்தது. யாரோ டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் பத்தியம். சமையல் அக்காவிடம் இனிமேல் அரிசிச் சோறு கிடையாது, ராகியும் கொள்ளும்தான் என்று சொல்லிவிட்டார். டீக்குச் சர்க்கரை நின்றுபோனது. ஒரு டீம் என்றால் எல்லோரும் சேர்ந்துதான் மாற வேண்டும் என்று பேசினார். நாங்களும் கொள்ளுத் துவையலைத் தொட்டுக்கொண்டு ராகிக் களியை விழுங்கினோம். சாயங்காலம் அவர் அறையைக் கூட்டப்போன அக்கா, பேக்கரிப் பெட்டியும் பிளம் கேக் சுற்றிய தாளும் அள்ளிக்கொண்டு வந்தார். "டாக்டர் அவருக்குச் சொன்னத நமக்குக் குடுத்துட்டு, நமக்குள்ளத அவர் சாப்புடுறாரு" என்று அக்கா சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். சிரித்தோமே தவிர, களியைத்தான் தின்றோம்.

அதைவிட மோசம் அந்த மே மாதம். சீசன் கூட்டம் ஏறிவிட்டால் தண்ணீர் லாரிகளெல்லாம் ஓட்டல்களுக்குத்தான் போகும், எங்கள் மாதிரி வீடுகளுக்குக் கடைசியில் எட்டிப் பார்க்கும். தொட்டி வற்றிவிட்டது. கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லை, குடிக்கவும் இல்லை. சாரிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, இதான் ஸ்கேர்சிட்டி. இத ஃபீல் பண்ணுங்க. இந்த ஃபீலிங்க கேமுக்குள்ள கொண்டு வாங்க" என்றார். பொம்பளைப் பிள்ளைகள் வேண்டுமானால் மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பண்ணைக்காட்டுக்கு மத்தியானம் போய்விட்டு வருவதற்கு நான் என்ன, பறக்கிற டைனோசரா? அவர் அறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர்க் கேன் இரண்டு இருந்தன. அவை யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

இனி ஜெனிட்டா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லி முடியாது.

ஆட்டத்தின் நிலத்தை, நாங்கள் மேப் என்பதை, செய்தவர் அவர். மலையும் காடும் பாறையும் அவர் கை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, சாரின் பேச்சை நம்பி வந்தார். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, வேறு வருமானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சோலைக்காட்டு ஓரமாக நடந்து, வெளிச்சம் எந்த நேரத்தில் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவார். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு பள்ளத்தாக்கைச் செய்தார். மேலே புல்வெளி. நடுவே இருட்டு கட்டிய காடு, தலைக்கு மேலே இலை, காலுக்குக் கீழே ஈரம். இறங்க இறங்கத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும், ஆறு தெரியாது. கடைசி வளைவில் மரங்கள் விலகும், ஆறு கிடக்கும். பள்ளத்தாக்குக்கு ஒரே ஓர் ஆறு. முதல்முறை அதை எஃப்-நைன் தட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன், ஒரு சிமென்ட் தொட்டியைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. தவறு அக்காவிடம் இல்லை. தாகமில்லாமல் போனவளுக்கு ஆறு என்ன தெரியும்?

பழனியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வரவழைத்து விளையாட வைத்தோம். வெளியாட்கள் ஆடியது அதுதான் முதல்தடவை. ஒருவர் தப்பாமல் காட்டுக்குள்ளேயே நாக்கு வறண்டு செத்தார்கள். ஆற்றை யாரும் பார்க்கவே இல்லை. சார் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்றார் முதலில். எல்லோரும் செத்த பிறகு, பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆறு தூரத்தில் இருக்கிறது, மேப்தான் தப்பு என்றார். மேட்டுப் புல்வெளி முழுக்கக் குட்டை வெட்டச் சொன்னார்.

ஜெனிட்டா அக்கா மாட்டேன் என்றார். மேலேயே குட்டை இருந்தால் ஒருத்தரும் கீழே இறங்க மாட்டார்கள், காடு வீண், பள்ளத்தாக்கு வீண், ஒரு வருட உழைப்பு வீண். நானும் கூடப் போய் நின்றேன். நிலத்தைக் கெடுக்க வேண்டாம், தாகம் இறங்குகிற வேகத்தைப் பாதியாக்கினால் போதும், அது ஒரே ஓர் எண், மாற்ற ஒரு நிமிடம் ஆகாது என்றேன்.

"அந்த நம்பர்ல யாரும் கை வைக்கக் கூடாது. அது என் டிசைன்" என்றார். அப்புறம் அக்காவைப் பார்த்து, அடுத்த வாரம் சென்னையிலிருந்து வெளியீட்டாளர் ஆன்லைனில் வந்து ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார், அவர் வேண்டாம் என்று சொன்னால் அது இந்த மேப்பினால்தான், அன்றைக்கே சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த நாளும் வந்தது. ஹாலில் பெரிய திரை. அதன் மூலையில், சென்னையில் இருந்தபடி, வெளியீட்டாளர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆடிக் காட்டுவதாக இருந்தது. சார் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். இந்த ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று தனக்குத்தான் தெரியும் என்றார்.

வெளியாட்களுக்குக் காட்டும் பதிப்பில் திருட்டு விசைகள் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். விளையாடுகிறவன் கையில் எஃப்-நைன் கிடைத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அதனால் அந்தப் பதிப்பில் அது வேலை செய்யாது. அவர் இதுவரை அந்தப் பதிப்பைத் தொட்டதே இல்லை என்பதால், சட்டம் தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நீளக்கழுத்துக் குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு புல்வெளியில் ஜம்மென்று நடந்தார். பசி, தாகம், மூன்று வகைத் தீனி என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். காட்டுக்குள் இறங்கியபோது தாகப் பட்டை பாதிக்கும் கீழே போயிருந்தது. விரல் தட்டியது. பட்டை ஏறவில்லை. பேச்சை நிறுத்தாமல் மறுபடி தட்டினார். பிறகு பேச்சு நின்றது, தட்டுவது மட்டும் நடந்தது. குட்டி தள்ளாடி, ஒரு வேர் மேல் தலையை வைத்துச் செத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நன்றாக இருந்தது.

"தண்ணி எங்க இருக்கு?" என்று வெளியீட்டாளர் அம்மா கேட்டார்.

மேப் டீம் தண்ணீரைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டது, தான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை, சரிசெய்துவிடலாம் என்றார் சார். முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடாமல், டீச்சர் குரலில் சொன்னார்:

"தண்ணி இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குங்க மேடம். சார் இன்னும் ஒரு தடவகூட அது வரைக்கும் நடந்து போனதில்ல."

தாகத்தின் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். அது பெரிய வேலை, வாரக்கணக்கில் ஆகும் என்றார் சார். "இப்பவே முடியுங்க மேடம்" என்று நான் சொன்னேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானே போய் எண்ணைப் பாதியாக்கினேன். அந்த அம்மா ஜெனிட்டா அக்காவை ஆடச் சொன்னார்.

அக்கா அவசரப்படவில்லை. புல்வெளியில் மேய்ந்து, காட்டில் இறங்கி, ஈரப்பாசியில் கால் பதிய நடந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பட்டை இறங்கிக்கொண்டே வந்தது. கோடு எழுதுகிற ஒட்டன்சத்திரத்துப் பையன் தன்னை மறந்து "வெரசாப் போங்கக்கா" என்றான். பட்டையில் ஒரு நூல் அளவு மிச்சம் இருந்தபோது மரங்கள் விலகின. குட்டி முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிக் கழுத்தைத் தாழ்த்திக் குடித்தது. அதே ஆறுதான். சிமென்ட் தொட்டி மாதிரி நான் பார்த்த அதே ஆறு.

வெளியீட்டாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றார் சார். இந்த ஒரு கணத்துக்காகத்தான் தாகத்தை ஆரம்பத்திலிருந்தே கட்டிக் காத்ததாகவும் சொன்னார்.

ஒப்பந்தம் கிடைத்தது. பள்ளத்தாக்கையும் அந்தப் புது எண்ணையும் தொடக் கூடாது என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை சார் ஜெனிட்டா அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். வெளியாள் முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டதற்கு எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் போகலாம் என்றார். அக்கா வெளியே வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் என்னக்கா என்றேன். "நடந்து போகலன்னுதான சொன்னேன். அதுக்கு என்னன்னு மன்னிப்புக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நானும் கூடவே போயிருப்பேன். ஆட்டம் வெளியாகும் வரைக்கும் அந்த எண்ணுக்கு ஒரு காவல் வேண்டும் என்று அவர்தான் என்னை இருக்கச் சொன்னார்.

ஆட்டம் வெளியானது. செய்தவர்கள் பெயர் ஓடும் இடத்தில் ஜெனிட்டா என்ற பெயர் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் செய்தார்கள். ஆற்றங்கரையில் ஒருவரையொருவர் கடிக்கவில்லை. மேலே துரத்தித் துரத்திக் கொன்றவர்கள், அந்தக் கடைசி வளைவு தாண்டியதும் பல்லை மூடிக்கொண்டார்கள். கொடும்பல் விலங்கும் இலை தின்னும் விலங்கும் பக்கத்தில் பக்கத்தில் குடித்தன. குடித்துவிட்டும் போகாமல் கரையில் படுத்து, வெளிச்சம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த வேலையோ முடித்துவிட்டு வந்த மனிதர்கள். இதை நான் ஜெனிட்டா அக்காவுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை, கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியைச் சாரால் பொறுக்க முடியவில்லை. அவனவன் வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சும்மா படுத்திருக்கிறான், இது என்ன பார்க்கா என்றார். உலகத்தில் யாருக்காவது தாகம் தீர்ந்துவிட்டால் அவருக்கு ஏதோ களவுபோன மாதிரி. எண்ணைத் தொட முடியாது, பள்ளத்தாக்கையும் தொட முடியாது. மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆற்றுத் தண்ணீரில் நோய் வைத்தார். கரையில் கொஞ்ச நேரத்துக்கு மேல் இருந்தால் வயிற்றுப்போக்கு, குடித்தது அத்தனையும் போய்விடும். எனக்குச் சொல்லவே இல்லை. நான் காலையில் பஸ்ஸிறங்கி வந்து பார்த்தபோது கரையெல்லாம் செத்துக் கிடந்தன.

ஆட்கள் ஒரு வாரம் திட்டினார்கள். பிறகு திட்டவும் ஆள் இல்லை. வெளியீட்டாளர் கைகழுவினார், வீடு காலியானது, ஆட்டம் ஓடிய சர்வரை நிறுத்தினார்கள். அதோடு அந்தப் பள்ளத்தாக்கும் போனது. அதற்கு ஒரு பிரதிகூட அக்காவிடம் கிடையாது. சார் இப்போது கல்லூரிகளில் கேம் டிசைன் பற்றிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். விளையாடுகிறவர்களுக்குப் பொறுமை போதவில்லை என்பதுதான் பேச்சாம். மேஜையில் தண்ணீர் பாட்டில் வைத்துத்தான் பேச விடுவார்கள்.

சேதியை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று ஜெனிட்டா அக்கா வீட்டுக்குப் போனேன். திரும்பவும் டிராயிங் டீச்சர், வேறு பள்ளிக்கூடம், பாதிச் சம்பளம். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கரையில் செத்துக் கிடந்ததைச் சொன்னேன், பள்ளத்தாக்கு இனி எங்கேயும் இல்லை என்பதையும் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போனவங்க குடிச்சிட்டாவது போனாங்களா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றேன். அது பொய். குடித்தது அத்தனையும் வெளியேறி, ஆற்றங்கரையிலேயே நாக்கு வறண்டுதான் செத்தார்கள். அந்த மனிதரால் நான் அந்தப் பொய்யையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவரை இதற்காக நான் மன்னிக்கப் போவதில்லை.